எலக்ட்ரிக் கார் பேட்டரி எத்தனை வருசம் தாங்கும்? நம்ம கொங்கு வெயிலுக்கும் ரோட்டுக்கும் ஒரு கணக்கு

எலக்ட்ரிக் கார் வாங்கலாமா வேண்டாமான்னு நம்ம பக்கம் எந்த பேக்கரி வாசல்ல நின்னாலும் ஒரு பழமை ஓடிட்டுத்தான் இருக்குதுங்க. ஒருத்தர் அஞ்சு வருசத்துல பேட்டரி செத்துரும், மாத்தறதுக்கு வண்டி வெலையில பாதி ஆகும்னு அடிச்சு சொல்றாரு, பக்கத்துல நிக்கறவரு கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் ரூவாயில ஓட்டிட்டு இருக்கேன், ஆயில் மாத்தற சோலி கெடையாது கிளட்ச் கெடையாதுங்கறாரு, மூணாவது ஆளு போன்ல ஒரு வண்டி பத்தி எரியற வீடியோவ எடுத்து நீட்டறாரு, அதோட பேச்சு முடிஞ்சுருது.

இதுல யாரும் பொய் சொல்லல. ஆனா மூணு தனித்தனி கேள்விய ஒரே கேள்வியா போட்டு கொழப்பிக்கறாங்க. வண்டியோட தரம் எப்புடி இருக்குதுங்கறது ஒண்ணு, நடுரோட்டுல நிக்காம ஓடுமாங்கறது இன்னொண்ணு, பேட்டரி எத்தனை வருசம் வரும்ங்கறது வேற ஒண்ணு. மூணுக்கும் பதில் வேற வேற. நான் இதப் பத்தி படிச்சு, ஓட்டறவங்க கிட்ட கேட்டு வந்து சேர்ந்த முடிவு என்னன்னா, எல்லாரும் எதுக்கு அதிகமா பயப்படறாங்களோ அந்த பெரிய பேட்டரிதான் இதுல கம்மியா தொல்லை குடுக்குது, பயப்பட வேண்டியது சின்ன எலக்ட்ரானிக்ஸ், சர்வீஸ் சென்டரு தூரம், அப்புறம் வாரண்டி புக்குல யாரும் படிக்காத ரெண்டு வரி.

பேட்டரி பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா அதுக்கு நியாயம் இருக்குதுங்க. நமக்கு தெரிஞ்ச பேட்டரின்னா வீட்டுல யூபிஎஸ்சுக்கு கீழ இருக்கற லெட் ஆசிட் பேட்டரி, டிஸ்டில்டு வாட்டர் ஊத்த மறந்தா ரெண்டு மூணு வருசத்துல படுத்துரும். அப்புறம் வந்த பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர்லயும் பாதி அந்த லெட் ஆசிட்தான். நம்ம கோயமுத்தூர்லயே 2008ல ஆம்பியர் கம்பெனி ஆரம்பிச்சாங்க, அந்தக் காலத்துல ஸ்கூட்டர் வாங்கி ரெண்டாவது வருசமே பேட்டரி செட்டு மாத்தினவங்க எல்லா கம்பெனி வண்டியிலயும் உண்டு, அந்த நெனப்பு இன்னும் போகல. 2001ல பெங்களூர்ல இருந்து வந்த ரேவா காரும் லெட் ஆசிட்தான், ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர். இப்ப வர்ற கார்ல இருக்கறது லித்தியம் அயான், அது வேற சாதி.

உடனே போன்லயும் லித்தியம்தானே, ரெண்டு வருசத்துல சார்ஜ் நிக்கறதில்லையேன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. போன தெனமும் சுழியத்துல இருந்து நூறு வரைக்கும் ஏத்தறோம், தலகாணிக்கு அடியில வெச்சு சூடு பண்றோம், கூலிங்னு ஒண்ணுமே கெடையாது. தெனம் ஒரு முழு சார்ஜுன்னா ரெண்டு வருசத்துல எழுநூறு தடவ. கார்ல கணக்கே வேற மாதிரி போகுது. நெசமா 300 கிலோமீட்டர் ஓடற ஒரு கார எடுத்துக்கங்க, நம்ம ஆளு வருசத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டறாருன்னு வைங்க, கூட்டிக் கழிச்சா வருசத்துக்கு 50 முழு சார்ஜுதான் ஆகுது. பத்து வருசத்துக்கு 500. இப்ப வர்ற செல்லு ஆயிரத்துக்கு மேல தாங்கும், எல்எஃப்பின்னு சொல்ற இரும்பு பாஸ்பேட் செல்லு ரெண்டாயிரம் மூவாயிரம்னு போகும். அதனால திருப்பூர்ல இருந்து கோயமுத்தூருக்கு தெனம் போயிட்டு வர்றவரு கூட ஓட்டி ஓட்டி பேட்டரிய தீக்கறது கஷ்டம்தான்.

அப்ப பேட்டரி எதுல வயசாகுது? முக்காவாசி காலத்துலயும் சூட்டுலயும். வண்டி சும்மா நின்னாலும் செல்லுக்குள்ள நெகட்டிவ் பக்கம் கிராஃபைட் மேல ஒரு மெல்லிய படலம் வளந்துட்டே இருக்கும், அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமா லித்தியத்த புடிச்சு வெச்சுக்கும், அந்த அளவுக்கு பேட்டரியோட கொள்ளளவு கொறையும். சூடு 10 டிகிரி ஏறுனா இந்த மாதிரி வேதி வேலையெல்லாம் ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகமாகும்ங்கறது பொதுவான கணக்கு. அதோட நூறு சதவீதம் சார்ஜுல வெயில்ல நிக்கற வண்டி அறுபது சதவீதத்துல நிக்கற வண்டிய விட சீக்கிரம் தேயும். மொத வருசத்துல கொஞ்சம் எச்சா கொறஞ்சுட்டு அதுக்கப்புறம் நிதானமா போகும், அதனால புது வண்டியில ஆறு மாசத்துலயே நாலு சதவீதம் போயிருச்சுன்னு பதறிப்போயி சண்டைக்கு போகாதீங்க.

ஜியோடேப்னு ஒரு கம்பெனி ஆயிரக்கணக்கான எலக்ட்ரிக் வண்டிகளோட டேட்டாவ வெச்சு அவ்வப்போது கணக்கு வெளியிடறாங்க, அவங்க கணக்குகள்ல சராசரி தேய்மானம் வருசத்துக்கு 1.8ல இருந்து 2.3 சதவீதம் வரைக்கும் வந்துருக்குது. ரெண்டுன்னே வெச்சுக்குவோம். எட்டு வருசத்துக்கு 16 சதவீதம். 300 ஓடின வண்டி 250 ஓடும். வண்டி செத்துப்போகல, கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு போயிட்டு திரும்பி வர்ற தூரம் அப்பவும் கையில இருக்குது. டெஸ்லா தன்னோட மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகள்ல ரெண்டு லட்சம் மைல், அதாவது மூணு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடினதுக்கப்புறம் சராசரியா 12 சதவீதம்தான் கொறஞ்சுருக்குன்னு சொல்லுது. அது கம்பெனி சொல்ற கணக்கு, அத அப்புடியே நம்ம ஊருக்கு எடுத்துக்க முடியாது, ஏன்னா நம்ம வெயில் இருக்குதே.

வெயில்னதும் நிசான் லீஃப் கதைய சொல்லியே ஆகணும். 2010 கடைசியில அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் வந்த வண்டி, 24 யூனிட் பேட்டரி. (கார் பேட்டரிக்கு கிலோவாட் அவர்னு போடறது நம்ம ஈபி மீட்டர்ல ஓடற அதே யூனிட்தான், நான் யூனிட்னே எழுதறேன்.) அந்த பேட்டரிக்கு தண்ணி கூலிங் கெடையாது, ஃபேன் வெச்சு காத்து அடிக்கறது கூட கெடையாது, சும்மா மூடி வெச்ச டப்பா. குளிர் ஊர்ல ஓடினதெல்லாம் நல்லா ஓடுச்சு, அரிசோனா பாலைவனத்துல பீனிக்ஸ் நகரத்துல வாங்கினவங்களுக்கு 2012லயே டேஷ்போர்டுல பேட்டரி கோடு ஒண்ணொண்ணா மறைய ஆரம்பிச்சுருச்சு. ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஊரு வெயில் மட்டும்தான் வித்தியாசம். கடைசியில கம்பெனி எறங்கி வந்து கொள்ளளவு கொறஞ்சாலும் வாரண்டி உண்டுன்னு அறிவிச்சாங்க, செல்லோட ரசாயனத்தையும் மாத்தினாங்க. அந்த அடிக்கப்புறம் பெரும்பாலான கம்பெனிங்க தண்ணி மாதிரி கூலன்ட் ஓட விட்டு பேட்டரிய குளிர்விக்கறதுக்கு மாறிட்டாங்க. நம்ம நாட்டுல 2020 ஜனவரியில வந்த நெக்ஸான் ஈவியிலயே லிக்விட் கூலிங் இருந்துச்சு.

இது நமக்கு ஏன் முக்கியம்னா கொங்குல வெயில் ஊருக்கு ஊரு மாறுது. கோயமுத்தூரு, பொள்ளாச்சிக்கு பாலக்காட்டு கணவாய் காத்து இருக்குது, சித்திரையிலயும் பொழுதோட கொஞ்சம் ஆறிரும். கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் அப்புடி இல்ல, தமிழ்நாட்டுலயே அன்னைக்கு அதிக வெயில்னு நியூஸ்ல வர்ற பேரு பாதி நாளு இந்த ரெண்டுதான், 40 டிகிரிக்கு மேல போயி நிக்கும். கூலிங் பெரும்பாலும் வண்டி ஓடறப்பவும் சார்ஜ் ஏர்றப்பவும்தான் வேலை செய்யும், ஆஃபீஸ் வாசல்ல மத்தியானம் பூரா வெயில்ல நிக்கறப்ப பேட்டரிக்கு யாரும் தொணை இல்ல. அதனால ஈரோட்டுல ஓட்டறவரு தகர செட்டுக்கு அடியில நிறுத்தறதுக்கு வேப்ப மரத்து நெழல்ல நிறுத்தறது மேலு. தகரம் கீழ அனல கக்கும். மருந்து கடையில விக்காத மருந்துங்க அது, நெழல்.

அடுத்து எந்த செல்லுங்கறது. ஷோரூம்ல சன்ரூஃப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க, எந்த செல்லுன்னு கேட்டா பக்கத்துல இருக்கறவர பாப்பாங்க. ரெண்டு வகைய தெரிஞ்சுக்கிட்டா போதும். எல்எஃப்பி ஒண்ணு, என்எம்சி ஒண்ணு. எல்எஃப்பில இரும்பும் பாஸ்பேட்டும், ஆக்சிஜன கெட்டியா புடிச்சு வெச்சுருக்கும், அதனால சூடு ஏறுனாலும் லேசுல பத்தாது, ஆயுசும் எச்சு, ஆனா அதே எடைக்கு கரண்டு கம்மியாத்தான் புடிக்கும். என்எம்சில நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட், சின்ன டப்பாவுல நெறைய கரண்டு அடங்கும், ஆனா சூட்டுக்கு பயந்த சாமான். நெக்ஸான், எம்ஜி வின்ட்சர், பிஒய்டி பிளேடு செல்லு போட்ட மஹிந்திரா பிஈ 6, எக்ஸ்ஈவி 9ஈ எல்லாம் எல்எஃப்பி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகற ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் என்எம்சி. ரெண்டுமே ஓடும், ஆனா பழக்கம் வேற. என்எம்சிய தெனசரி 80 சதவீதத்தோட நிறுத்தி வெளியூர் போறப்ப மட்டும் நூறு ஏத்தணும். எல்எஃப்பிய வாரத்துக்கு ஒருக்கா நூறு வரைக்கும் ஏத்தணும், ஏன்னா எல்எஃப்பியோட வோல்டேஜ் 20 சதவீதத்துல இருந்து 90 வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல நிக்கும், உள்ள எவ்வளவு இருக்குன்னு கம்ப்யூட்டரால வோல்டேஜ பாத்து சொல்ல முடியாது, நூறு தொட்டாத்தான் அதுக்கு கணக்கு சரியாகும். அப்புடி ஏத்தாம விட்டவங்க வண்டிதான் திடீர்னு 18 சதவீதத்துல இருந்து 5க்கு குதிக்கறது. பேட்டரி கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க, கெட்டது மீட்டர் கணக்கு.

ஆனா நெசமாவே பேட்டரி கெடறதும் உண்டு, அது எப்புடி கெடுதுன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு எல்எஃப்பி செல்லு 3.2 வோல்ட். 320 வோல்ட் பேக்குன்னா நூறு செல்ல வரிசையா கோத்துருக்காங்கன்னு அர்த்தம். இந்த வரிசையில 99 செல்லு திடமா இருந்து ஒண்ணு மட்டும் சொங்கிப்போனா, அந்த ஒண்ணு தீர்ற எடத்துலயே மொத்த பேக்கும் தீந்துபோச்சுன்னு கம்ப்யூட்டர் நிறுத்திரும், காங்கேயம் மாட்டு ஜோடியில ஒண்ணு நொண்டினா இன்னொண்ணு எவ்வளவு தெம்பா இருந்தாலும் வண்டி நொண்டி மாட்டு வேகத்துலதான போகும், அப்புடி. அதனால பேட்டரி போச்சுன்னு சொல்ற முக்காவாசி கேஸ்ல போனது ஒரு செல்லோ, பல செல்லு சேந்த ஒரு மாட்யூலோ, இல்லன்னா ஒரு சென்சரோ, பேட்டரிய வண்டியோட சேக்கற கான்டாக்டர் சுவிட்சோ. அத மட்டும் பிரிச்சு மாத்தற ஆளும் வசதியும் அந்த ஊர்ல இருக்குதாங்கறதுதான் கேள்வி. இல்லன்னா பேக்கையே கழட்டி எங்கயோ தாட்டி விடுவாங்க, வண்டி மாசக்கணக்குல நிக்கும், ஓனரு ஓலா புடிச்சு போயிட்டு இருப்பாரு.

இதுல இருந்து நம்பகத்தன்மைக்கு வரலாம், இங்கதான் புள்ளிவிவரம் ரெண்டு பக்கமும் இழுக்கும். அமெரிக்காவுல வாங்கறவங்களுக்காக சாமான்கள சோதிக்கற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2023ல வெளியிட்டதுல எலக்ட்ரிக் கார்ல பெட்ரோல் கார விட 79 சதவீதம் எச்சா பிரச்சினைன்னு வந்துச்சு, அடுத்த வருசம் அது 42 சதவீதமா கொறஞ்சுச்சு. ஜெர்மனியில ரோட்டுல நின்னுபோன வண்டிகளுக்கு ஆள் அனுப்பற ஏடிஏசி கிளப்பு 2024 கணக்குல, ரெண்டுல இருந்து நாலு வயசு ஆன வண்டிகள்ல ஆயிரம் எலக்ட்ரிக் காருக்கு 4.2 தடவ நின்னுச்சு, ஆயிரம் பெட்ரோல் டீசல் காருக்கு 10.4 தடவ நின்னுச்சுன்னு சொல்லுது. எது உண்மை? ரெண்டும் உண்மை, ஒருத்தர் எண்ணினது தொல்லைய, இன்னொருத்தர் எண்ணினது நடுரோட்டுல நிக்கறத. ஸ்கிரீன் தொங்கறது, கதவு கைப்பிடி வெளிய வராதது, சாப்ட்வேர் அப்டேட் போட்டு கேமரா போனது, சார்ஜிங் மூடி தெறக்காதது, இதெல்லாம் மொத கணக்குல வரும், ரெண்டாவதுல வராது. அப்ப இந்த வண்டியோட மோட்டாரும் பேட்டரியும் தெளிவு, அதச் சுத்தி அவசரமா சேத்த எலக்ட்ரானிக்ஸ்தான் இன்னும் பக்குவப்படல. நம்ம ஊரு வண்டிகளுக்கும் இந்த வார்த்தை அப்புடியே பொருந்துது, ஓட்டறவங்க கொறைய கேட்டுப் பாத்தா பத்துல ஏழு சாப்ட்வேர் கொறதான்.

மோட்டாரப் பத்தி கோயமுத்தூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 1937ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டுலயே மொதன்மொதலா மோட்டார் தயாரிச்ச ஊரு, போர்வெல் மோட்டார் காயில் கட்டற கடை தெருவுக்கு ஒண்ணு இருக்கற ஊரு. மோட்டார் எதனால போகும்னு நம்மாளுக்கு தெரியும், லோ வோல்டேஜ், பேஸ் கட்டாகறது, தண்ணி இல்லாம ஓடறது. கார் மோட்டாருக்கு இதுல ஒண்ணுமே கெடையாது, வண்டிக்குள்ள இருக்கற இன்வெர்ட்டருங்கற கன்ட்ரோல் பொட்டி அளந்து குடுக்கற கரண்டுல ஓடுது. போனா பேரிங் போகும். அதனால லட்சம் கிலோமீட்டர் தாண்டினாலும் மோட்டார பத்தி கவலைப்படாதீங்க.

ஏடிஏசி கணக்குல இன்னொரு சங்கதி இருக்குது. எலக்ட்ரிக் கார் நின்னுபோனதுக்கு பாதி காரணம் பெரிய பேட்டரி கெடையாது, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேக்குல நூறு சதவீதம் இருந்தாலும் அத வண்டியோட சேக்கற கான்டாக்டர் சுவிட்ச இழுக்கறதுக்கு 12 வோல்ட் வேணும், அது எறங்கிப்போச்சுன்னா கதவு கூட தெறக்காது. ஹூண்டாய் ஐயோனிக் 5 ரீகால் இதே வழியில வந்ததுதான், ஐசிசியூன்னு ஒரு சார்ஜிங் கன்ட்ரோல் யூனிட் அடிபட்டா 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏறாம போயிரும், 2024ல நம்ம நாட்டுலயே 1,744 வண்டிய கூப்பிட்டாங்க. அதனால மூணு வருசம் ஆயிருச்சுன்னா 12 வோல்ட் பேட்டரிய செக் பண்ணி, வாட்டம் தெரிஞ்சா மாத்திருங்க, சில ஆயிரம் ரூவா சமாச்சாரம்.

தீப்புடிக்கறது பத்தி சுருக்கமா. அது நடக்காதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. செவர்லே போல்ட் வண்டியில கரண்டு கடத்தற டேபு கிழிஞ்சதும், ரெண்டு பக்கத்தையும் ஒட்டாம பிரிக்கற செபரேட்டர் மடங்குனதும் ஒரே செல்லுல சேந்து வந்ததால 2021ல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் வண்டிக்கு மேல ரீகால் பண்ணாங்க, வீட்டுக்குள்ள நிறுத்தாதீங்கன்னே சொன்னாங்க. அது ஃபேக்டரியில வந்த கொற. நம்ம நாட்டுல 2022ல ஸ்கூட்டருங்க வரிசையா எரிஞ்சதுக்கப்புறம்தான் அரசாங்கம் பேட்டரி டெஸ்டு விதிய இறுக்குச்சு, ரெண்டு சக்கரத்துக்கு ஏஐஎஸ் 156, காருக்கு ஏஐஎஸ் 038 ரெண்டாவது திருத்தம், 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா வந்துச்சு. செகண்ட்ஸ் வாங்கறவங்க வண்டி தயாரான தேதிய இதோட ஒப்பிட்டுப் பாக்கறது நல்லது.

ரேஞ்சு விசயத்துல கம்பெனி போடற நம்பர நம்பி யாரும் பொறப்படக் கூடாது. மொத நெக்ஸான் ஈவிக்கு வண்டிகள டெஸ்டு பண்ற ஏஆர்ஏஐ அமைப்போட சர்டிபிகேட் 312 கிலோமீட்டர், ஓட்டினவங்களுக்கு கெடைச்சது 200, 220. இப்ப டாடாவே 45 யூனிட் நெக்ஸானுக்கு டெஸ்டு நம்பர் 489ன்னு போட்டுட்டு பக்கத்துலயே நெசத்துல 350ல இருந்து 375 வரைக்கும்னு போடறாங்க, அது நேர்மையான வேலை. ஆனா அந்த 350லயும் நம்ம ஊருக்கு ரெண்டு புடித்தம் இருக்குது, காத்தும் மலையும்.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது பல்லடம், உடுமலை பக்கம் வெறும் பழமொழி இல்ல, அந்தக் காத்த நம்பித்தான் அத்தனை காத்தாடி நட்டு வெச்சுருக்காங்க. மேக்க இருந்து கெழக்க அடிக்கற காத்து. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் தடை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல வித்தியாசம். ஆடி மாசம் உடுமலையில இருந்து பொள்ளாச்சிக்கு எதுத்தாப்ல 20 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்கறப்ப நீங்க மீட்டர்ல 80 வெச்சுருந்தாலும் காத்து உங்கள 100ல போறவரு மாதிரிதான் தடுக்கும். திரும்பி வர்றப்ப அதே காத்து தள்ளி விடும், அதனால போறப்ப எடுத்த கணக்க வெச்சு பேட்டரி போச்சுன்னு முடிவு கட்டாதீங்க.

மலைக்கு வாங்க. நாலு பேரோட வண்டி 2,000 கிலோன்னு வைங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏத்தம். அந்த எடைய அந்த ஒசரத்துக்கு தூக்கறதுக்கு மட்டும் பத்து யூனிட்டுக்கு மேல ஆகுது, ரோட்டுல உருள்றதுக்கு இன்னொரு ஆறு ஏழு. ஐம்பது கிலோமீட்டருக்கு 16, 17 யூனிட் போறத பாத்து பதறிருவாங்க. எறங்கறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டரா மாறி மூணு நாலு யூனிட் திரும்ப ஏறும். ஆனா ஒண்ணு, ஊட்டியில ஓட்டல்ல ராத்திரி நூறு சதவீதம் ஏத்திட்டு காலையில எறங்காதீங்க, நெறஞ்ச பேட்டரியில அந்த கரண்டுக்கு எடம் இருக்காது, ரீஜென்னு சொல்ற இந்த மோட்டார் பிரேக் வேலை செய்யாது, பிரேக் பேடு மட்டும்தான் புடிக்கும். வால்பாறையில இருந்து ஆழியாருக்கு நாப்பது கொண்டை ஊசி, திம்பத்துல இருபத்தேழு, அங்கயும் இதே கதைதான். மேல இருக்கறப்ப எண்பது எண்பத்தஞ்சோட நிறுத்திக்கங்க.

வீட்டுல சார்ஜ் போடறதுதான் பேட்டரிக்கும் நல்லது பாக்கெட்டுக்கும் நல்லது, ஃபாஸ்ட் சார்ஜர்ல தெனமும் ஏத்தற வண்டி கொஞ்சம் வேகமா தேயுதுன்னு ஜியோடேப் டேட்டாவும் காட்டுது. ஆனா தோட்டத்து சாளையில சார்ஜ் போடறவங்க கவனிக்க வேண்டியது நெறைய. தாராபுரம் பக்கம் எங்க மாமா ஒருத்தரு, வண்டி நல்லாத்தான் ஓடுச்சு, சார்ஜ்தான் பாதியில பாதியில நின்னுக்கும். போயி பாத்தா 15 ஆம்பியர் பிளக்கு பாயின்ட்டு ஓரம் பழுப்பேறி, ஒரு பின்னச் சுத்தி பிளாஸ்டிக் இளகி குழிஞ்சு கெடக்குது. "மாமா, இது எத்தனை நாளா இப்புடி இருக்குது?"ன்னு கேட்டா, "அதென்ன மாப்ள, மிக்சி ஓட்டறது, ஐயன் பாக்ஸ் ஓட்டறதெல்லாம் இதுலதான, நல்லாத்தான இருந்துச்சு"ங்கறாரு. மிக்சி ரெண்டு நிமிசம் ஓடும். கார் சார்ஜரு 14 ஆம்பியர விடாம பத்து பன்னண்டு மணி நேரம் இழுக்கும், லூசா இருக்கற சாக்கெட்டு அதுக்கு தாங்காது. தனி ஒயரு, தனி எம்சிபி, தொழிற்சாலையில போடற நீலக் கலர் 16 ஆம்பியர் சாக்கெட்டு, இவ்வளவு போட்டுட்டா அந்தத் தொல்லை தீந்துச்சு.

இன்னொண்ணு எர்த்து. நம்ம பக்கம் பாதி எடம் கல்லுக்காடு, சித்திரையில மண்ணு காஞ்சு வெடிச்சுருக்கும், கரியும் உப்பும் போட்டு வெட்டுன எர்த் குழி பத்து வருசத்துக்கு முன்னாடி போட்டது, யாரும் தண்ணி ஊத்தல. எர்த் புடிக்கலன்னா சார்ஜரு செவப்பு லைட்ட காட்டிட்டு கம்முனு நின்னுக்கும், அது சார்ஜர் கோளாறு இல்ல, நம்மள காப்பாத்துது. குழிய தோண்டி புதுசா போடுங்க, வெயில் காலத்துல வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க. அதோட வெள்ளாமைக்கு குடுத்த இலவச சர்வீஸ்ல இருந்து கார் சார்ஜ் போடவே கூடாது, அது சட்டப்படி தப்பு, வீட்டு சர்வீஸ்ல லோடு ஏத்தி வாங்கிக்கங்க. மாசம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுனா ரெண்டு மாச பில்லுல 340 யூனிட் எச்சா வரும், 500 தாண்டுனா ரேட்டு ஸ்லாப் மாறும்ங்கறதையும் கணக்குல சேத்திக்கங்க.

தண்ணி பத்தியும் கேப்பாங்க. பேட்டரி டப்பாவுக்கு ஐபி 67னு சொல்றது ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள அரை மணி நேரம் தாங்கும்ங்கற டெஸ்டு. அத நம்பி கோயமுத்தூர்ல மழை நாளுல லங்கா கார்னர் பாலத்துக்கு அடியிலயோ கிக்கானி ஸ்கூல் சப்வேயிலயோ எறங்கக் கூடாது. டப்பா தாங்கும், கனெக்டரும் உள்ள இருக்கற போர்டும் சேத்துத் தண்ணிக்கு தாங்குமாங்கறது வேற. அடி தட்டறதும் அப்புடித்தான், அளவில்லாத ஸ்பீடு பிரேக்கர்ல டொக்குன்னு தட்டுச்சுன்னா லிஃப்ட்ல ஏத்தி பேட்டரி அடித்தட்ட பாத்துருங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பின்னால வாரண்டி கேக்கறப்ப வெளி அடின்னு தட்டிக்கழிக்கறதுக்கு எடம் குடுக்காதீங்க.

கடைசியா காசு. பேட்டரி பேக்கு வெலை உலக சராசரி 2010ல ஒரு யூனிட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல இருந்தது, ப்ளூம்பெர்க் என்இஎஃப்ங்கற ஆய்வு கம்பெனி கணக்குல 2024ல 115 டாலருக்கு வந்துருச்சு. 40 யூனிட் பேக்குக்கு நம்ம காசுல நாலு லட்சத்துக்கு பக்கம். அது கம்பெனிக்கு ஆகற வெலை, ஸ்பேரா வாங்கறப்ப எச்சாத்தான் இருக்கும், இருந்தாலும் எட்டு பத்து வருசம் கழிச்சு மாத்த வேண்டி வந்தா இன்னைக்கு பேசற பத்து லட்சம் நிக்காது.

நம்மூர்ல கார வாங்கி அஞ்சாறு வருசத்துல கைமாத்தி விடறதுதான் பழக்கம், அதனால வாரண்டிய ரெண்டாவது ஓனரு கண்ணுல பாக்கணும். இப்ப லைஃப்டைம் வாரண்டின்னு வின்ட்சர், மஹிந்திரா, டாடா எல்லாரும் சொல்றாங்க, டாடாவுக்கு லைஃப்டைம்னா பதிவான தேதியில இருந்து 15 வருசம். ஆனா இந்த லைஃப்டைம் மொத ஓனருக்குத்தான். வின்ட்சர்ல பேரு மாறுன உடனே அது 8 வருசம், 1,60,000 கிலோமீட்டர்னு சுருங்கிரும். டாக்சி போர்டுக்கு தனி கணக்கு. எத்தனை சதவீதத்துக்கு கீழ கொறஞ்சா மாத்தித் தருவாங்கங்கற வரியத் தேடிப் படிங்க, வெளிநாட்டுல பல கம்பெனி 70ன்னு வெச்சுருக்காங்க, அந்த நம்பரே புக்குல இல்லன்னா எழுத்துல கேட்டு வாங்குங்க.

செகண்ட்ஸ்ல எலக்ட்ரிக் கார் பாக்கப் போறவங்க பெயின்ட் அளக்கற மீட்டர் எடுத்துட்டு போறத விட்டுட்டு, மொத நாளே வண்டிய நூறு சதவீதம் ஏத்தி வெக்க சொல்லுங்க. அடுத்த நாளு காலையில அவினாசி ரோட்டு டிராபிக்ல கொஞ்சம், சேலம் கொச்சி பைபாஸ்ல 80 வெச்சு கொஞ்சம்னு ஓட்டி, எத்தனை சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் வந்துச்சுன்னு குறிச்சுக்கங்க, ஏசிய போட்டே ஓட்டுங்க. சர்வீஸ் சென்டர்ல பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டு எடுக்க சொன்னா செல்லுக்கு செல்லு வோல்டேஜ் வித்தியாசம் தெரியும், எல்லாம் ஒரே மட்டத்துல இருந்தா வாங்கலாம், ஒண்ணு மட்டும் தனியா எறங்கி நின்னா வெலைய கொறைக்கறத பத்தி பேசாம வெளிய வந்துருங்க. வண்டி மாசக்கணக்குல சுழியத்துல நின்னு கெடந்துச்சான்னு விசாரிங்க, ஓனரு வெளிநாடு போயி காலி பேட்டரியோட மூடி வெச்ச வண்டி குறைஞ்ச கிலோமீட்டர் காட்டும், ஆனா உள்ள செல்லு அடிவாங்கியிருக்கும். ரீகால் வந்த வண்டின்னா சரி பண்ண பேப்பர வாங்குங்க. பேரு மாத்தறப்பவே வாரண்டி மாத்தற ஃபாரமும் சேத்துக் குடுங்க, கூட வர்ற போர்ட்டபிள் சார்ஜர் கைக்கு வந்துச்சான்னு பாத்துட்டு மீதி பணத்த குடுங்க, அது தனியா வாங்கப் போனா ஆயிரக்கணக்குல ஆகும்.